குடல் அழற்சி நோயில் எதிர்ப்பு மண்டலம் எதை எதிர்க்கிறது?

கேள்வி – ஜூன் 4

என் தம்பிக்குக் கிரோன் நோய் என்று உறுதியாகியிருக்கிறது. உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே குடலைத் தாக்குகிறது, வேலியே பயிரை மேய்கிற கதை என்று விளக்கினார்கள். எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தையும் தொடங்கிவிட்டார்கள். அதே மருந்துச் சீட்டில் இரண்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் இருந்தன. பாக்டீரியாதான் காரணம் என்றால் எதிர்ப்பாற்றலை ஏன் குறைக்க வேண்டும்? உடல் தன்னையே தாக்கிக்கொள்கிற நோய் என்றால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து எதற்கு? இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாகவே எனக்குப் படுகிறது.

ஜூன் 4, இரவு

கிரோன் நோயோடு பல ஆண்டுகளாக வாழ்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேலியும் பயிரும் இந்த நோய்க்குப் பொருந்தி வரவில்லை. அப்படிச் சொல்ல வேண்டுமானால் எதிர்ப்பு மண்டலத்தின் குறி குடல் திசுவாக இருக்க வேண்டும். முதல் வகை நீரிழிவில் கணையத்தின் பீட்டா செல்களே குறியாகின்றன. அங்கே அந்தப் பேச்சு சரி. கிரோன் நோயில் குறியாக இருப்பவை பெரும்பாலும் குடலுக்குள் இயல்பாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அவற்றுக்கு எதிராக ஓயாமல் நடக்கும் தாக்குதலில், நடுவே இருக்கும் குடற்சுவர் சிதைகிறது. உங்கள் தம்பியின் சீட்டில் இருக்கும் மருந்துகளில் ஒன்று தாக்கும் பக்கத்தையும் மற்றொன்று தாக்கப்படும் பக்கத்தையும் தொடுகிறது. அதனால் அவை ஒன்றையொன்று வெட்டவில்லை.

ஜூன் 5

நேற்று எழுதியதற்குச் சான்று கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

1993 ஆம் ஆண்டு ஜெர்மனியில், ஐஎல்-10 என்ற சைட்டோகைனை (எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதம்) உண்டாக்கும் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கினார்கள். ஐஎல்-10 அழற்சியை அடக்கிவைக்கும் பொருள். அது இல்லாத எலிகளின் குடல், வேறு எந்தத் தூண்டுதலும் இல்லாமலே அழற்சியுற்றது. 1998 ஆம் ஆண்டு அதே வகை எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டுகளில் வளர்த்துப் பார்த்தபோது அவற்றுக்கு நோய் வரவில்லை. இயல்பான குடல் பாக்டீரியாக்களை உள்ளே செலுத்தியதும் வந்தது. எலிகள் இரண்டு இடத்திலும் ஒன்றேதான், மரபணுக் குறையும் ஒன்றேதான். பாக்டீரியா இருந்தால் நோய் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்துமா என்ற ஐயத்திற்கு, பெல்ஜியத்தின் லூவன் நகரில் அறுவை மருத்துவர்களும் குடல் மருத்துவர்களும் சேர்ந்து செய்த இரண்டு சிறு ஆய்வுகள் விடை தருகின்றன. கிரோன் நோயாளிகளுக்குச் சிறுகுடலின் கடைப்பகுதியை வெட்டி எடுத்து மீதியைப் பெருங்குடலோடு இணைப்பார்கள். எதுவும் தராமல் விட்டுவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் அந்த இணைப்புக்குச் சற்று மேலே மீண்டும் புண்கள் தோன்றும். 1991 இல் வெளியான ஆய்வில், குடலில் இருப்பது அந்த இணைப்பைத் தொடாதபடி அதை வயிற்றுச் சுவரில் இட்ட திறப்பின் வழியாகத் திருப்பிவிட்டார்கள். திருப்பிவிட்டிருந்த ஆறு மாதங்களில் இணைப்பின் அருகே நோய் திரும்பவில்லை. பாதையை மறுபடி சேர்த்த பிறகு திரும்பியது. 1998 இல் இன்னும் ஒரு படி மேலே போய், இப்படி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த குடற்பகுதிக்குள், அதே நோயாளியின் குடலிலிருந்து வெளிவந்த நீர்மத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். எட்டே நாளில் நுண்ணோக்கியில் அழற்சி தெரிந்தது. மூன்று நோயாளிகள் மட்டுமே அதில் இருந்தார்கள் என்றாலும், அதைப் போல நேரடியாக விடை சொன்ன ஆய்வை நான் வேறு படித்ததில்லை.

எனக்கும் அந்த இடத்தில்தான் அறுவை நடந்தது. எனக்கும் சில காலம் வயிற்றில் திறப்பு இருந்தது. அதைச் சுமந்துகொண்டிருந்த காலத்தில் இந்த ஆய்வைப் பற்றிப் படித்தபோது, பையை மாற்றும் வேலையின் எரிச்சலுக்கு நடுவிலும், கீழே இருக்கும் குடல் ஏன் அமைதியாக இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. அதற்குள் எதுவும் போகவில்லை. அது அமைதியாக இருந்ததற்கு அதுவே போதுமான காரணம்.

ஜூன் 5, பின்னிரவு

குறியாக இருப்பவை குடல் பாக்டீரியாக்கள் என்பதற்கு ஆய்வகச் சான்றும் உண்டு. 1995 இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், ஒருவரின் குடற்சுவரிலிருந்து எடுத்த எதிர்ப்புச் செல்களை அவருடைய குடல் பாக்டீரியாக்களோடே சேர்த்துப் பார்த்தார்கள். நலமாக இருந்தவர்களின் செல்கள் தம் உடலின் பாக்டீரியாக்களைக் கண்டு அசையவில்லை. பிறருடைய பாக்டீரியாக்களைக் கண்டதும் பெருகின. அழற்சியுற்ற குடலின் செல்கள் தம்முடைய பாக்டீரியாக்களுக்கும் பெருகின. சகிப்பு என்ற ஒன்று முன்பு இருந்தது, நோயில் அது உடைந்திருக்கிறது என்று அந்த முடிவு காட்டியது.

ஜூன் 6

ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். குடல் அழற்சி நோய் என்ற தலைப்பின் கீழ் கிரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் வருகின்றன. நான் எழுதியதன் எடை முதலாவதன் மேல்தான் இருக்கிறது. இரண்டாவதில் தன்னுடலை எதிர்க்கும் அடையாளங்கள் இன்னும் தெளிவாகத் தென்படுகின்றன. 2021 இல் ஜப்பானின் கியோட்டோவில், குடற்செல்கள் அடித்தளத்தைப் பற்றிக்கொள்ள உதவும் இன்டெக்ரின் புரதம் ஒன்றுக்கு எதிரான ஆன்டிபாடி அந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் இருப்பதைக் கண்டார்கள். பாக்டீரியாவின் பங்கு அங்கேயும் உண்டு. ஆனால் கிரோன் நோய்க்குச் சொன்னதை அப்படியே அங்கே கொண்டுபோய் ஒட்டக் கூடாது.

ஜூன் 8

“பாக்டீரியா எல்லார் குடலிலும் இருக்கிறது, எல்லாருக்கும் நோய் வரவில்லையே?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் இதுவரை வந்தவற்றுள் சிறந்த கேள்வி இது. விடை சற்று நீளும்.

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று 2016 இல் ஒரு கணக்கீடு வெளியானது; அவருடைய சொந்தச் செல்கள் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்களில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது; அங்கே ஒரு கிராம் பொருளில் பத்தாயிரம் கோடி அளவில் இருக்கலாம். இந்தக் கூட்டத்திற்கும் நம் இரத்த ஓட்டத்திற்கும் இடையில் நிற்பது ஒரே ஒரு செல் கனமுள்ள உட்படலம். அதன் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதியவை வருகின்றன. உடலின் எதிர்ப்புச் செல்களில் மிகப் பெரிய பங்கு குடற்சுவரில் குவிந்திருப்பதற்கு இந்த நெருக்கமே காரணம்.

அந்தப் படலத்தின் மேல் சளி இருக்கிறது. பெருங்குடலின் சளி இரண்டு அடுக்குகளாக இருப்பதையும், வெளியடுக்கில் பாக்டீரியாக்கள் வாழ, செல்களை ஒட்டிய உள்ளடுக்கில் அவை அநேகமாக இல்லை என்பதையும் 2008 இல் ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தச் சளியின் முதன்மைப் புரதமான மியூசின்-2 இல்லாத எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி வருகிறது. சளிக்குள் ஐஜிஏ என்ற ஆன்டிபாடியை நம் குடல் நாள்தோறும் கிராம் கணக்கில் சுரக்கிறது. அது பாக்டீரியாக்களைப் பற்றிக்கொண்டு சுவரை நெருங்கவிடாமல் தடுக்கிறது, அழற்சியைக் கிளப்புவதில்லை. சிறுகுடலில் பேனெத் செல்கள் டிஃபென்சின் எனப்படும் பாக்டீரியா கொல்லிப் புரதங்களைச் சுரக்கின்றன. இவ்வளவையும் தாண்டி ஒன்றிரண்டு பாக்டீரியா உள்ளே நுழைந்தால், குடற்சுவரில் உள்ள மேக்ரோஃபேஜ்கள் அதை விழுங்கிக் கொன்றுவிடும். இதில் நான் மிகவும் வியப்பது, குடலின் மேக்ரோஃபேஜ்கள் கொல்வதில் குறை வைக்காமலே அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன்களை வெளியிடாமல் இருப்பதுதான். இரத்தத்திலிருந்து எடுத்த அதே வகைச் செல், அதே பாக்டீரியாவைக் கண்டால் உடனே அழற்சியை மூட்டிவிடும்.

சகிப்பு என்றதும் எதிர்ப்பு மண்டலம் பாக்டீரியாவைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. அது கவனிக்கிறது, கையாள்கிறது, ஓசைப்படாமல் முடிக்கிறது. அதற்கென்றே, பிற எதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இருக்கின்றன. அவற்றைப் பெருக்குவதும் பாக்டீரியாக்களே: 2011 இல் டோக்கியோவில் சில கிளாஸ்ட்ரிடியா வகைகளைக் கிருமியற்ற எலிகளுக்குக் கொடுத்ததும் பெருங்குடலில் அந்தச் செல்கள் கூடின, 2013 இல் வெளியான ஆய்வுகள், நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் அதற்கு உதவுவதைக் காட்டின.

ஜூன் 8, சேர்க்கை

ஐஎல்-10 எலிகளைப் பற்றிச் சொன்னதற்கு மனிதரில் நேர் இணை உண்டு என்பதை மேலே சேர்த்திருக்க வேண்டும். பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சி வந்த குழந்தைகள் சிலரிடம், ஐஎல்-10 ஐ உணரும் ஏற்பியின் மரபணு பழுதாகியிருப்பதை 2009 இல் கண்டறிந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தைக்கு வேறொருவரின் இரத்தக் குருத்தணுக்களைச் செலுத்தியபோது நோய் தணிந்தது. குடலை மாற்றவில்லை, எதிர்ப்புச் செல்களை மாற்றினார்கள். அந்தக் குழந்தைகளின் பெற்றோரை நினைக்கும்போதெல்லாம், எலி ஆய்வுகளை ஏளனமாகப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஜூன் 11

இனி, பலரும் எதிர்பாராத பகுதி. கிரோன் நோயாளியின் எதிர்ப்பாற்றல் “அளவுக்கு மீறியது” என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். முதல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டபோது அது வேறு திசையைக் காட்டியது.

2001 இல் ஒரு பிரெஞ்சுக் குழுவும் ஓர் அமெரிக்கக் குழுவும் தனித்தனியே நாட்-2 என்ற மரபணுவைக் கிரோன் நோயோடு இணைத்தன. நாட்-2 செல்லுக்குள் இருந்துகொண்டு, பாக்டீரியாச் சுவரின் துணுக்கான முராமில் டைபெப்டைடை உணரும் புரதம். நோயோடு தொடர்புடைய மூன்று மாற்றங்களும் அந்த உணர்திறனைக் குறைப்பவை. அதாவது பாக்டீரியாவைக் கண்டுகொள்வதில் இவர்களுடைய செல் மந்தமாகிறது. சிறுகுடலின் கடைப்பகுதியில் கிரோன் உள்ளவர்களிடம் பேனெத் செல் டிஃபென்சின்கள் குறைந்திருப்பதும், 2007 இல் அடையாளம் காணப்பட்ட ஏடிஜி16எல்1 என்ற மரபணு, செல்லுக்குள் புகுந்த பாக்டீரியாவை அழிக்கும் தன்விழுங்கல் செயலோடு தொடர்புடையதாக இருப்பதும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன.

முதல் கட்டத்தில் பாக்டீரியாவை விரைவாக உணர்ந்து அகற்றும் ஆற்றல் குன்றியிருக்கிறது. அகற்றப்படாதவை சுவருக்குள் தங்குகின்றன. அவற்றை நோக்கி இரண்டாம் கட்டமாக டி செல்கள் திரண்டு வருகின்றன, டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்கள் பொங்குகின்றன, முடிவே வராத அழற்சி தொடங்குகிறது. நாம் நோயாக உணர்வது இந்த இரண்டாம் கட்டத்தை. இந்த வரிசையைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான், என் உடலைப் பற்றி “என் எதிர்ப்பாற்றல் அதிகம்” என்றோ “குறைவு” என்றோ ஒற்றைச் சொல்லில் சொல்வதை நிறுத்தினேன்.

ஜூன் 12

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு “அப்படியானால் நாட்-2 பரிசோதனை செய்துகொள்ளலாமா?” என்று கேட்பவர்களுக்கு: அந்த மாற்றம் ஒரு பிரதியில் இருந்தால் நோய் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கும், இரு பிரதியிலும் இருந்தால் ஏறத்தாழ இருபது மடங்கும் அதற்கு மேலும் கூடுகிறது. ஆனாலும் இரு பிரதியும் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் இந்த நோய் வருவதே இல்லை. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் காணப்படும் அந்த மாற்றங்கள் ஜப்பானிய, சீன நோயாளிகளிடம் அநேகமாக இல்லை. அவர்களுக்கும் கிரோன் வருகிறது. இந்நோயோடு தொடர்புடைய மரபணு இடங்கள் இப்போது இருநூறுக்கு மேல் அறியப்பட்டிருக்கின்றன. ஒற்றை மரபணுவைப் பார்த்து ஒருவருடைய எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியாது.

ஜூன் 14

முதல் கட்டம் மந்தமாக இருக்கிறது என்பதை எலியை விட்டு மனிதரிடமே சோதித்தவர்கள் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில், 2006 இலும் 2009 இலும் வெளியான ஆய்வுகளில், கொல்லப்பட்ட ஈ. கோலை பாக்டீரியாவைத் தன்னார்வலர்களின் தோலுக்கு அடியில் செலுத்தினார்கள். நலமானவர்களின் தோலில் இரத்த ஓட்டம் பெருகி, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் விரைந்து வந்து பாக்டீரியாவை அகற்றின. கிரோன் நோயாளிகளிடம் வரத்தும் குறைவு, அகற்றுவதும் தாமதம். குடலோடு தொடர்பே இல்லாத கைத்தோலில் இது தெரிந்ததுதான் முக்கியம். நாட்பட்ட கிரானுலோமா நோய் என்ற பிறவிக் குறைபாட்டில் நியூட்ரோஃபில்கள் விழுங்கிய பாக்டீரியாவைக் கொல்ல இயலாதவை. அந்த நோயாளிகளில் பலருக்குக் கிரோன் போன்றதொரு குடல் அழற்சி வருவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 14, இரவு

இதைச் சொன்னதும் எதிர்ப்பாற்றலைக் கூட்டுவதாக விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் பற்றிக் கேள்விகள் வரிசையாக வந்துவிட்டன. எனக்கும் உறவினர்கள் அன்போடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அன்பை ஏற்றுக்கொண்டேன், பொடியை ஏற்கவில்லை. கூட்ட வேண்டியது முதல் கட்டத்தை, அதுவும் குடலின் குறிப்பிட்ட செல்களில், குறிப்பிட்ட பாக்டீரியாக்களுக்கு எதிராக. எந்தப் பொடிக்கும் அந்த முகவரி தெரியாது.

அறிவியல் இந்த எண்ணத்தை ஏளனம் செய்து ஒதுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளணுக்களைத் தூண்டும் சார்கிராமோஸ்டிம் என்ற மருந்தை, முதல் கட்டத்தை வலுப்படுத்தும் நோக்கத்தோடே கிரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005 இல் வெளியான அந்த ஆய்வு தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. வேறு சில அளவுகோல்களில் நம்பிக்கை தந்தது. அந்த நம்பிக்கை பின்னர் உறுதியாகவில்லை. தூய்மைப்படுத்தி, அளவிட்டு, ஒப்பிட்டுக் கொடுத்த மருந்துக்கே அந்த நிலை. நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு எதிர்ப்பாற்றலைக் கூட்டப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. அழற்சி நீடித்த குடல் சுருங்குகிறது, துளைபடுகிறது, பக்கத்து உறுப்போடு புழைவழி கொள்கிறது. சுருங்கிப்போன என் குடலை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் 18

எந்தப் பாக்டீரியா என்று பெயர் சொல்லக் கேட்கிறார்கள். ஒற்றைக் குற்றவாளியைத் தேடும் முயற்சி நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. 1913 இல் கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் டால்ஸீல், தான் கண்ட குடல் நோய் கால்நடைகளுக்கு வரும் ஜோன் நோயை ஒத்திருப்பதை எழுதினார். கிரோனும் அவருடைய இரு சக மருத்துவர்களும் நியூயார்க்கில் தம் கட்டுரையை வெளியிட்டது 1932 இல்தான். ஜோன் நோயை உண்டாக்குவது காசநோய்க் கிருமியின் உறவான பாராடியூபர்குலோசிஸ் என்ற மைக்கோபாக்டீரியம். அதுவே கிரோனுக்கும் காரணமாக இருக்குமோ என்று ஆஸ்திரேலியாவில் 213 நோயாளிகளை வைத்து, மூன்று ஆன்டிபயாட்டிக்குகளை இரண்டு ஆண்டுகள் கொடுத்துச் சோதித்தார்கள். 2007 இல் முடிவு வந்தது. முதல் 16 வாரங்களில் மருந்து பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள், அதன் பிறகு வேறுபாடு நிலைக்கவில்லை. ஆன்டிபயாட்டிக் பொதுவாகவே குடல் பாக்டீரியாக்களைக் குறைப்பதால் அந்தத் தொடக்கப் பயன் வந்திருக்கலாம் என்பதே எனக்குச் சரியாகப் படும் விளக்கம்.

இதைவிட வலுவான வேட்பாளர், ஒட்டிக்கொண்டு உள்நுழையும் ஈ. கோலை. பிரான்சின் கிளெர்மான்-ஃபெரான் ஆய்வாளர்கள் கிரோன் நோயாளிகளின் சிறுகுடலில் கண்ட இந்த வகை, குடற்செல்லைப் பற்றி உள்ளே புகுந்து, தன்னை விழுங்கிய மேக்ரோஃபேஜுக்குள்ளேயே சாகாமல் பெருகவும் செய்கிறது. முதல் கட்டம் மந்தமான ஒருவரின் குடலில் அது வாய்த்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று எண்ண இடமுண்டு. ஆனால் எல்லா நோயாளிகளிடமும் அது இல்லை. நோயே இல்லாத சிலரிடம் இருக்கிறது.

இருப்பதைப் போலவே இல்லாததும் பேசப்பட வேண்டும். ஃபீகலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி என்ற, பியூட்டிரேட் உண்டாக்கும் பாக்டீரியா கிரோன் நோயாளிகளிடம் குறைந்திருப்பதையும், அறுவையின்போது அது குறைவாக இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதையும் 2008 இல் பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது.

ஜூன் 19

நேற்றைய கடைசிப் பத்தியை நானே எச்சரிக்கையோடு படிக்கிறேன். குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் குறைந்ததா? அழற்சியுற்ற குடற்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடுகிறது, அது நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டைச் சுவாசிக்கத் தெரிந்த ஈ. கோலை வகைகள் அதைக் கொண்டு பிறவற்றை விஞ்சிப் பெருகுகின்றன. 2013 இல் எலிகளில் இது காட்டப்பட்டது. ஆக்ஸிஜனைத் தாங்காத, பியூட்டிரேட் தரும் வகைகள் அதே சூழலில் மடிகின்றன. எதிர்ப்பு மண்டலம் எழுப்பிய அழற்சியே, தன்னை மேலும் எரிச்சலூட்டும் பாக்டீரியாக்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. நோய் தொடங்கிய பிறகு எடுத்த மாதிரியில் முந்தியது எது என்று பிரித்துச் சொல்வது அதனால்தான் கடினம்.

இந்தச் சிக்கலை ஓரளவு தாண்டியது ஓர் இஸ்ரேலிய ஆய்வு. படையில் சேர்ந்தபோது எடுத்துச் சேமித்திருந்த இரத்த மாதிரிகளில், பிற்காலத்தில் கிரோன் வந்தவர்களுடையதை 2005 இல் தேடிப் பார்த்தார்கள். ஈஸ்ட் ஒன்றின் சுவருக்கு எதிரான ஏஸ்கா என்ற ஆன்டிபாடி, 32 பேரில் 10 பேரிடம் நோய் தெரிவதற்கு முன்பே இருந்தது. சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன்னால். குடல் பாக்டீரியாக்களின் கசையிழைப் புரதமான ஃபிளாஜெலினுக்கு எதிரான ஆன்டிபாடியும் கிரோன் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருக்கிறது. முதல் வலி தோன்றுவதற்கு வெகு முன்பே எதிர்ப்பு மண்டலம் குடலின் குடிகளைப் பகையாகப் பதிவு செய்யத் தொடங்கிவிடுகிறது. எனக்கு முதல் வலி வந்த அந்த ஆண்டில் நான் எதை உண்டேன், எதில் தவறினேன் என்று நெடுங்காலம் துருவிக்கொண்டிருந்தேன். இந்த ஆய்வைப் படித்த பிறகு அந்தத் தேடலை விட்டுவிட்டேன், மனம் இலேசானது.

ஜூன் 22

தம்பியின் ஆன்டிபயாட்டிக்குக்கு நேராக வருகிறேன். மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவை ஆசனவாயைச் சுற்றிய புழைகளிலும் சீழ்க்கட்டிகளிலும் பயன்படுகின்றன. குடலை வெட்டி இணைத்த பிறகு மூன்று மாதம் மெட்ரோனிடசோல் கொடுத்தால், கடுமையான புண்கள் விரைவில் திரும்புவது குறைகிறது என்பதை 1995 இல் அதே லூவன் குழு காட்டியது. பாக்டீரியா குறைந்தால் அழற்சி குறைகிறது. ஆகவே பாக்டீரியா இந்த நோயின் பங்காளிதான். ஆனால் மருந்தை நிறுத்தினால் பாக்டீரியாக்கள் திரும்பிவிடும், அவற்றை எதிர்க்கக் கற்றுக்கொண்ட நினைவுச் செல்களோ எங்கும் போவதில்லை. நீண்ட நாள் கொடுக்கவும் முடியாது. எனக்கு மெட்ரோனிடசோல் கால் விரல்களில் மரமரப்பைக் கொடுத்தது. நரம்பைத் தாக்குவது அதன் அறியப்பட்ட விளைவு என்று சொல்லி மருத்துவர் உடனே நிறுத்தினார். தம்பிக்கு விரல் நுனிகளில் மரத்துப்போன உணர்வு வந்தால் காத்திருக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு தலைகாட்டும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் தொற்று, குடல் அழற்சி உள்ளவர்களிடம் கூடுதல் கடுமையாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வயிற்றுப்போக்கு கூடினால் நோய்தான் பெருகுகிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் அதற்கான மலப் பரிசோதனை தேவை.

ஜூன் 23

எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளுக்கும் இதே தெளிவு வேண்டும். டிஎன்எஃப்பைப் பிடித்துக்கொள்ளும் இன்ஃப்ளிக்சிமாப், 1998 இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. அது இரண்டாம் கட்டத்தின் பொங்கலை அடக்குகிறது. எனக்கு அது வேலைசெய்கிறது. ஆனால் டிஎன்எஃப் வீணாக உடலில் இருக்கும் பொருள் இல்லை. காசநோய்க் கிருமியைச் சுற்றி எதிர்ப்புச் செல்கள் திரண்டு கட்டிய கிரானுலோமா என்ற முடிச்சு சிதையாமல் நிற்பது அதனால்தான். இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001 இல் வெளியான அறிக்கை தொகுத்துச் சொன்னது. அதன் பிறகு, மறைந்திருக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்க்காமல் இந்த ஊசியைத் தொடங்குவதில்லை. தம்பிக்கு அந்தப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். குடல் காசநோயும் கிரோனும் கொலனோஸ்கோபியிலும் பயாப்சியிலும் ஒன்றுபோலத் தோன்றக்கூடியவை என்பதால் இந்தக் கேள்விக்கு இரட்டை முக்கியத்துவம் உண்டு.

ஐஎல்-17 என்ற சைட்டோகைன் கிரோன் குடலில் மிகுந்திருக்கிறது. அதைத் தடுத்தால் நோய் தணியும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஐஎல்-17 ஐத் தடுக்கும் செகுகினுமாப் என்ற மருந்தைக் கொண்டு நடந்த, 2012 இல் வெளியான ஆய்வில் பயன் கிடைக்கவில்லை. சிலருக்கு நோய் கூடியது, பூஞ்சைத் தொற்றுகளும் கூடுதலாக வந்தன. குடற்சுவரைக் காப்பதிலும் ஐஎல்-17 க்குப் பங்கிருக்கிறது என்பது அதன் பிறகுதான் நன்றாக உறைத்தது. அதற்கு மேற்படியில் நிற்கும் ஐஎல்-23 ஐத் தடுக்கும் மருந்துகளோ நன்றாக உதவுகின்றன. எதிர்ப்பு மண்டலத்தின் எந்த இழையைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது. “எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து” என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதே பலருடைய அச்சத்திற்கு வித்திடுகிறது என்று நினைக்கிறேன். வெடோலிசுமாப் என்ற மருந்து, எதிர்ப்புச் செல்கள் குடலுக்குள் நுழையும் வாயிலைத்தான் பெரிதும் தடுக்கிறது. உடலின் பிற பகுதிகளில் அதன் கை நீள்வதில்லை.

ஜூன் 25

நன்மை தரும் பாக்டீரியா மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக: கிரோன் நோய்க்கு அவை பயன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை. நலமானவரின் மலத்தைத் தூய்மைப்படுத்தி நோயாளியின் குடலில் செலுத்தும் முறை, பெருங்குடல் புண் அழற்சியில் ஓரளவு பலன் காட்டியிருக்கிறது: 2017 இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 27 விழுக்காட்டினர் தேறினார்கள், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 8 விழுக்காடு. கிரோனில் அவ்வளவு தெளிவு இன்னும் கிடைக்கவில்லை. சாதாரண உணவை நிறுத்தி ஆறு முதல் எட்டு வாரம் முழுச் சத்துத் திரவத்தை மட்டும் கொடுக்கும் முறைக்குக் குழந்தைகளிடம் நல்ல சான்று இருக்கிறது. ஸ்டீராய்டு இல்லாமலே நோய் தணிகிறது, குடல் பாக்டீரியாக்களின் கூட்டமும் அப்போது மாறுகிறது. பெரியவர்களால் அதைத் தாங்குவது கடினம். அறுவைக்கு முன் சில வாரங்கள் நானும் அதை மட்டுமே குடித்தேன். சுவையை நினைத்தால் இன்றும் நாக்கு மறுக்கிறது, ஆனால் வலி தணிந்தது உண்மை.

ஜூன் 27

“எனக்கு நோய் இல்லை, தம்பிக்கு இருப்பதால் நானும் அந்த ஏஸ்கா ஆன்டிபாடியைப் பார்த்துக்கொள்ளலாமா?” என்று முதலில் கேட்டவரே கேட்டிருக்கிறார். பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. கிரோன் நோயாளிகளின் நெருங்கிய உறவினர்களில் நலமாக இருப்பவர்களிடமும், ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் அது காணப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர்க்கு நோய் வருவதில்லை. இருக்கிறது என்று தெரிந்தாலும் இன்று அதை வைத்துத் தொடங்கத்தக்க மருந்து எதுவும் இல்லை. புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது கிரோன் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, வந்தவர்களுக்கு நோயைக் கடுமையாக்குகிறது. வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எடைக் குறைவு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் மருத்துவரிடம் தம்பியின் நோயைக் குறிப்பிட்டு, மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது நியூட்ரோஃபில்களிலிருந்து வரும் புரதம் என்பதால், குடலில் அழற்சி இருக்கிறதா என்பதை ஊசியும் குழாயும் இல்லாமலே ஓரளவு நம்பகமாகக் காட்டிவிடும்.

ஜூன் 27, மாலை

கால்ப்ரொடெக்டின் கூடியிருந்தாலே கிரோன் என்று பொருள் இல்லை. சாதாரணக் குடல் தொற்றிலும், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்பவர்களிடமும் அது கூடும். அந்த மாத்திரைகளை நிறுத்தி, சில வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் கூடுதலாகவே இருந்தால் கொலனோஸ்கோபிக்குத் தயங்க வேண்டாம்.